இடமாக முறுக்கிய பிரி

முத்துக்கனி யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். உரக்கடையில் மூட்டையைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. புருஷன் நாராயணபெருமாள் செத்தபோது, இராஜாக்கமங்கலத்துக் கடைமடை வயலுக்கு ஆளாளுக்கு விலை பேசி வந்தார்கள். “எனக்க மகன் வந்து உழுவான்” என்று எல்லாரையும் விரட்டியடித்தாள். அந்தச் சந்தேகப் புத்திதான் வயலைக் காப்பாற்றியது.

மகன் ராஜகுமார் ஜப்பானில் ஒரு தீவுக் கிராமத்தில் விவசாய வேலை பார்க்கிறான். இந்த ஆடியில் விடுமுறைக்கு வந்தவன், தன் முதலாளி மொரிதா என்ற கிழவரையும் கூட்டி வந்துவிட்டான். கிழவர் விடிந்ததும் வயலில் போய்க் குந்திவிடுவார். மண்ணை அள்ளி மோந்து பார்ப்பார். கதிரை உருவி உள்ளங்கையில் தேய்ப்பார். அவளைக் கண்டால் இடுப்பு வளையக் கும்பிடுவார். அந்தக் கும்பிடுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. காரியம் இல்லாமல் எவன் இவ்வளவு குனிவான்? உப்புத்தண்ணீர் ஏறினாலும் தாங்குகிற தன் நெல்லுக்குத்தான் இந்த ஆள் அடிபோடுகிறார் என்று முடிவுகட்டினாள். விதைநெல் மூட்டையை உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புதுநெல்லை வீட்டுக்கு அழைக்கும் நிறை நாள் வந்தது. புதுக்கதிரை வாசல்நிலையில் கட்டச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனவள், திரும்பி வந்து அண்ணாந்து பார்த்துத் திடுக்கிட்டாள். கதிர்க்கட்டைச் சுற்றியிருந்த வைக்கோல் பிரி இடமாக முறுக்கியிருந்தது. அவர்கள் வீட்டில் வலமாகத்தான் முறுக்குவார்கள்.

“ஏலே, ஒனக்க முதலாளி நம்ம நடையில செய்வினை வச்சிருக்காருலே! வெதைக்குத்தான் வந்திருக்காரு. இப்பமே வெளிய அனுப்பு!”

ராஜகுமார் தலையைக் குனிந்தான். “அவரு இல்லம்மா. நாந்தான் கெட்டினேன்.”

“நீயா? இப்பிடி முறுக்க யாருலே சொல்லித்தந்தா?”

“அவருக்க வீட்டு நடையில வருசாவருசம் நாந்தான் கெட்டுகேன். அங்க சாமிக்கு இடமாத்தான் முறுக்கணும். கை பழகிப்போச்சு.” அவன் குரல் இறங்கியது. “அவருக்குப் பிள்ளையில்லம்மா. நிலத்த எனக்குத் தாறேன்னு சொல்லுகாரு. என்னய அவருக்கு மகனாத் தருவியான்னு ஒன்கிட்ட கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாரு.”

மொரிதா முற்றத்தில் இறங்கி நின்று, முன்னைவிடத் தாழக் குனிந்தார்.

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் பெற்ற பிள்ளையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. முத்துக்கனி உள்ளே போய்ப் பூட்டைத் திறந்தாள். விதைநெல் மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து கிழவர் காலடியில் போட்டாள்.

“வெதைய மூட்டையோட எடுத்துக்கிடட்டும் மக்கா. பிள்ளையத் தரமாட்டேன்னு சொல்லு.”

ராஜகுமார் அதை மொழிபெயர்க்கவில்லை.