உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் லால்குடிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸின் படிக்கட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். "மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், டோல்கேட், வாளாடி, லால்குடீ..." என்று அவர் இழுத்துக் கூப்பிட்டால், வேறு பஸ்ஸுக்காக நிற்கிற ஆள்கூட ஒரு நிமிஷம் பையைத் தூக்கிவிடுவான். வீட்டிலும் அதே குரல்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது கீழே இருக்கிற ஹவுஸ் ஓனர் மாமிக்கும் தெரியும், எதிர்ச் சாரிக்கும் தெரியும். "ஊருக்கே டமாரம் அடிக்காதீங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து நான் கத்தாத நாள் இல்லை. அந்த வாயை நான் சபித்த சாபத்துக்கு அளவே கிடையாது.

போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். சில வாரத்தில் நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வலது கை மட்டும் துவண்டு தொங்கியது. பேச்சுதான் போய்விட்டது. முழுசாகப் போயிருந்தால்கூட நான் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேனோ என்னவோ! ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது. "ரைட்டு."

பசிக்குதா? ரைட்டு. வலிக்குதா? ரைட்டு. ஃபேனை நிறுத்தவா? ரைட்டு. அது ஆமாவா இல்லையா என்று கண்ணைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்துவிட்டால் இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி ஓங்கி அடிப்பார். நான் என்ன பொறுமைசாலியா? வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள் நான். கையில் இருக்கிற துணியை விட்டெறிந்துவிட்டு, "எனக்கென்ன மனசுக்குள்ள பூந்து பாக்கவா தெரியும்?" என்று கத்துவேன். அதற்கும் பதில், ரைட்டு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோட்டில் எந்த கண்டக்டராவது ரைட் சொன்னால்கூடக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் காலேஜ் முடித்த மாதிரி இருந்தது, இது நம்மாளுக்கு என்ன சொல்லித்தரப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "சார், பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுங்க, நான் லால்குடி போகணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், வாயைத் திறந்தார். மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், டோல்கேட், வாளாடி, லால்குடீ! ஒரு ஸ்டாப் தப்பவில்லை. வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று குதித்தேன். "ஏங்க, என்னைக் கூப்பிடுங்க!" என்றேன்.

"ரைட்டு" என்றார்.

அந்தப் பெண் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "மூளையில அடிபட்டது பேச்சு இருக்கிற எடங்க. பாட்டு இருக்கிற எடம் இன்னொரு பக்கம், அது நல்லா இருக்கு. வீட்டுல பேசவேண்டியதையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லுங்க. அவர் இடது கையால தாளம் தட்டட்டும். முதல் ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அதுதான் பெரிய வரவு, விட்டுடாதீங்க." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "நீங்க சொல்லித்தந்ததைத் திருப்பிச் சொல்றது முதல் படிதான். யாரும் சொல்லித்தராத ஒண்ணை அவரா சொல்லணும். அன்னைக்கு எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆறு மாசம். அதற்குள் அவராக ஒரு வார்த்தை, ஒரே ஒரு சொந்த வார்த்தை.

ராகத்துக்கு எங்கே போவேன்? சினிமா மெட்டில் "தண்ணி வேணும்" என்று பாடிப் பார்த்தேன். என் குரலுக்குச் சினிமா மெட்டு ஒட்டவே இல்லை, அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஜனை மெட்டில் பாடினேன், தூங்கிவிட்டார். கும்மி மெட்டில் பாடினால் எனக்கே மூச்சு வாங்கியது. இப்படியே ஒரு மாசம் ஓடிவிட்டது, பாவி மனுஷன் வாயிலிருந்து ரைட்டைத் தவிர ஒன்றும் விழவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆத்திரத்தில் மெஷினை மிதித்துக்கொண்டே அவரைத் திட்டினேன். திட்டு எப்படியோ நீண்டு, வளைந்து, ஒரு மெட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. "தண்ணின்னு சொல்லு ராசா, தாகமுன்னு சொல்லு ராசா, வாயத்தொறந்து கேளு ராசா, வாசப்பக்கம் நிக்கிறேனே..." பாதியில்தான் எனக்கு உறைத்தது. ஐயய்யோ! இது ஒப்பாரி! லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் என் அம்மாவுக்கு ஆள் வரும், நானும் கூடவே போவேன். வேறு எந்தப் பாட்டும் எனக்கு வராது, இது ரத்தத்தில் ஓடுகிறது. உயிரோடு இருக்கிற புருஷனை உட்காரவைத்துக்கொண்டு எவளாவது ஒப்பாரி பாடுவாளா? வாயில் அடித்துக்கொண்டு நிறுத்தினேன்.

நிறுத்தினால், கட்டில் கம்பியில் டங் டங் என்று சத்தம். அவர் இடது கையால் தட்டுகிறார். மெட்டு விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "தண்ணீ..." என்று இழுத்தார்.

செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி தண்ணி அவர் மேலேதான் ஊற்றியிருப்பேன்!

இனி என்ன செய்வது? சகுனம் பார்ப்பதா, பேச்சைப் பார்ப்பதா? கீழே இருக்கிற மாமிக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரே என்று பயம் வேறு. ஆசாரமான வீடு, காலையில் பெருமாள் திருவாராதனம் ஆகாமல் வாயில் தண்ணி படாது. மறைக்கத் தெரியாமல் நானே போய்ச் சொல்லிவிட்டேன். மாமியோ, "எந்த ராகமா இருந்தா என்னடிம்மா, வாய் தொறந்தாப் போறும். ரங்கநாதன் பார்த்துப்பன். தெருவுக்குக் கேக்காம பாடு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு மாமி காலில் விழலாம் போல இருந்தது.

அப்புறம் பாருங்கள் எங்கள் வீட்டுக் கச்சேரியை! ஜன்னலை மூடி, ஃபேனை அஞ்சில் வைத்து, மிக்ஸியையும் வெறுமனே ஓடவிட்டு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒப்பாரி. "காபி குடு" வந்தது. "வலிக்குது" வந்தது. "லைட்டப் போடு" வந்தது. சாவு வீட்டு ராகத்தில் ஒரு ஆள் காபி கேட்டுக் கேட்டிருக்கிறீர்களா? நான் நாளைக்கு மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சந்தோஷம் தாங்காமல் டிகாக்ஷனைக் கூடுதலாகவே ஊற்றினேன். ஆனால் எல்லாம் நான் சொல்லித்தந்தவைதான். அவராக ஒன்று? வரவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்துவிட்டது. நாலு மாசம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பெண் ஒவ்வொரு தடவையும், "புதுசா ஏதாவது?" என்று கேட்பாள், நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். மனசுக்குள் பயம் கப்பென்று பிடிக்கும். இவ்வளவுதானோ? காபியும் வலியும் லைட்டும்தான் இனி என் புருஷனோ?

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை, மிக்ஸி இல்லை. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் தணித்துப் பாடுவோம் என்றுதான் ஆரம்பித்தேன், ஆனால் ஒப்பாரியைத் தணித்துப் பாட யாரால் முடியும்? நாலு வரியில் குரல் தானாக ஏறிவிட்டது. "எழுந்திருச்சுப் பேசு ராசா, என்னப்பெத்த ராசாவே..." என்று நான் பாட, அவர் கம்பியில் தட்ட, தெருவே கேட்டிருக்கும்.

கேட்டது. அவரோடு பதினைந்து வருஷமாக ஒரே பஸ் ஓட்டுகிற டிரைவர் தம்பி, லால்குடியிலிருந்து வந்த கையோடு ஒரு சீப்பு பூவன் பழத்தை வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்க வந்திருக்கிறார். மாடிப்படியின் கீழே செருப்பைக் கழற்றும்போது என் குரல் காதில் விழுந்திருக்கிறது. மேலே ஏற அவருக்குக் கால் வரவில்லை. பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டு, அழுதுகொண்டே சத்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மேலே வந்து ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம் என்று பிறகு கேட்டதற்கு, "ஒப்பாரி கேட்டா யாராச்சும் யாருன்னு விசாரிச்சுக்கிட்டு நிப்பாங்களா அண்ணி?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஒரு மணி நேரம் இருக்கும். அப்போதுதான் கரண்ட் வந்தது. தெரு முனையில் பஸ் ஹாரன். எங்கள் தெருவில் பஸ் வராதே என்று எட்டிப் பார்த்தால், அவருடைய பஸ்! பயணிகள் யாரும் இல்லை. காக்கி போட்ட ஆட்கள் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள், முன்னால் டிரைவர் தம்பி, கையில் ஆளுயர ரோஜா மாலை. கீழே மாமி கேட்டைத் திறந்துவிட்டு, "என்னப்பா, யார் நீங்கள்ளாம்?" என்று திகைத்து நிற்கிறார். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சும்மா, பின்னாடியே வருது" என்றார் ஒருத்தர். "ஐஸ் பெட்டியா? எங்காத்துக்கு எதுக்குடா ஐஸ் பெட்டி?" என்று மாமி கத்தியது மாடி வரைக்கும் கேட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவர்கள் படியேறி வந்துவிட்டார்கள். டிரைவர் தம்பி தலையைக் குனிந்தபடியே வந்தார். "அண்ணி, எப்ப... எப்ப நடந்துச்சு? அண்ணன் எங்க?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இத்தனை மாசம் பேசு பேசு என்று ஒரு மனுஷனை உயிரை வாங்கிய எனக்கு, ஒரு வார்த்தை வரவில்லை!

பின்னால் கட்டில் முனகியது. அவர் எழுந்து, லுங்கியை இடது கையால் இழுத்துச் செருகிக்கொண்டு, அறைக் கதவுக்கு வந்து நின்றார். மாலையைப் பார்த்தார். டிரைவர் தம்பியைப் பார்த்தார். டிரைவர் தம்பி நிமிர்ந்தார். அப்படியே மாலையோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கதவில் மெதுவாகத் தட்டினார். டொக். டொக். உதடு கோணியது, நேரானது. ஒப்பாரி மெட்டேதான், அச்சு அசலாக அதே இழுப்பு.

"எறங்கலடா தம்பீ... என் ஸ்டாப்பு... இன்னும் வரலடா..."

இதை நான் சொல்லித்தரவில்லை. சாமி சத்தியமாகச் சொல்லித்தரவில்லை! எந்தப் பாட்டிலும் இது இல்லை, இது அவருடையது. அந்த ஆளின் திமிர், அந்த ஆளின் கிண்டல், முழுசாக அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறது! இத்தனை நாளாகக் கண்ணில் பொட்டுத் தண்ணி விடாமல் ஒப்பாரி பாடியவள் நான். அப்போது அழுதேன் பாருங்கள், தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊர்ச் சாவு வீட்டில்கூட யாரும் அப்படி அழுததில்லை. ஏழெட்டு காக்கிச் சட்டைகளும் சேர்ந்து அழுதன. நடுவில் அவர் ஒருத்தர்தான் சிரித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் பாடினார். "எறங்கலடா..." இன்னொரு தடவை. யாரும் கேட்காமலே இன்னொரு தடவை.

மாமி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். விஷயம் தெரிந்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் போட்டேன், போனில் நான் அழுததைக் கேட்டு அவள்தான் முதலில் பயந்துபோனாள். ஒருத்தர் ஓடிப்போய் ஐஸ் பெட்டி வண்டியைத் தெரு முனையிலேயே திருப்பி அனுப்பினார். படியில் கிடந்த பூவன் பழத்தை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தேன். அப்புறம்தான் மாலை ஞாபகம் வந்தது. அதை என்ன செய்வது என்று ஆளாளுக்கு முழித்தார்கள்.

"யாருக்கும் போடலையோன்னோ? அப்போ சுத்தம்தான்" என்றார் மாமி. "கொண்டுபோய் பஸ்ஸுக்குக் கட்டுங்கோ."

கட்டினார்கள். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். நான் அவரைக் கைத்தாங்கலாக மாடிக் கைப்பிடிக் கம்பி வரைக்கும் கூட்டி வந்தேன். கீழே ரோஜா மாலையோடு பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஆனால் நகரவில்லை. என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தேன். டிரைவர் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையை வெளியே நீட்டி, மேலே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் இடது கையால் கைப்பிடிக் கம்பியில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு!"

பஸ் கிளம்பியது.