காசம்மாள் விட்ட தண்ணீர்

எங்கள் ஊரில் தெருவுக்கு நடுவே மாநிலம் முடிந்துவிடும். திருக்கனூருக்கு மேற்கே உள்ள ஊர். எங்கள் வீடுகள் இருக்கும் கிழக்குச் சாரி புதுச்சேரி, எதிரே மேற்குச் சாரி தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டம். ஆட்டுக்கும் கோழிக்கும் இது தெரியாது. காசம்மாளுக்குத் தெரியும், ஆனால் கண்டுகொள்ள மாட்டாள்.

காசம்மாள் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவள். ஒன்பது வருடமாகத் தினக்கூலிதான். இந்த வருடம் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவளால் தண்ணீர் வராத நாள் என்று ஒன்று கிடையாது.

சித்திரையில் எதிர்ச்சாரி மோட்டார் எரிந்துபோனது. அன்று முதல் இவள் காலையில் கால் மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டாள். எதிர்ச்சாரிப் பெண்கள் தெருவைத் தாண்டி வந்து எங்கள் குழாயில் பிடித்துப் போனார்கள்.

கரும்பு போடும் சுப்பராயலுவுக்கு எங்கள் சாரியில் தெருக்கோடி வீடு. தண்ணீர் நூலாக வருகிறதாம். வெளியூராருக்குத் தண்ணீர் விடும் காசம்மாளை நீக்க வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு போட்டுவிட்டார் மனிதர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வுடு தம்பி, இன்னா பண்ணிடுவாங்க?" என்று காசம்மாள் சிரித்தாள். ஆனால் இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவாரம் காலை ஆறு மணிக்கே பஞ்சாயத்து அதிகாரி காசம்மாள் முன் வந்து நின்றார். குழாயைச் சுற்றிப் பதினைந்து குடம்.

"இதுல யாரும்மா வெளியூரு?"

"நீங்களே பிரிச்சிக்குங்க சார். அந்தப் பச்சப் புடவ இங்க பொறந்து அங்க வாக்கப்பட்டவ. பக்கத்துல நிக்கிறவ அங்க பொறந்து இங்க வந்தவ."

"பேரச் சொல்லும்மா. இல்லன்னா உன் பேரத்தான் எழுதணும்."

"என் பேரையே எழுதிக்கங்க சார். காசம்மா."

வழக்கமாக அந்நேரம் வயலில் இருக்கும் சுப்பராயலு அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் காட்றேன் சார்" என்று விரலை நீட்டினார்.

விரலுக்கு நேரே குடத்தோடு நின்றவள் செல்வகுமாரி. அவர் பெண். போன தையில் எதிர்ச்சாரியில் கட்டிக் கொடுத்தது. புகுந்த வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்று பிறந்த வீட்டில் எந்தப் பெண் சொல்வாள்? அப்பா வயலுக்குப் போனபின் தினமும் வந்து பிடித்துப் போவாள். தெருவுக்கே தெரியும். யாரும் மூச்சுவிடக் கூடாது என்று காசம்மாள் எங்கள் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

நீட்டிய விரல் மடங்கியது.

"எல்லாம் நம்ம ஜனங்கதான் சார். அந்த மனுவக் குடுத்துடுங்க" என்றார்.

அதிகாரி மனுவை அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சுப்பராயலு மகளின் குடத்தைக் குழாயடியில் வைத்தார். நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு, சட்டை நனைய நனைய எதிர்ச்சாரிக்கு நடந்தார்.

அவர் திரும்பி வந்து இன்னொரு குடம் பிடித்துப் போகும்வரை காசம்மாள் மோட்டாரை நிறுத்தவில்லை.