எடைக்கு மேல் ஒரு கை

அன்று தராசைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்.

பைலட். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். நாற்பது வயசு இருக்கும்.

மேனேஜர். மதுரைக்காரர். என்னை அண்ணே என்பார்.

பெட்டி ஏற்றுகிறவர். ஏர்போர்ட் பக்கத்துப் பெருங்குடி ஆள்.

என் மகள். விமானத்தில் ஏறும் எடையை எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை அவளுக்கு.

நான்.

நடுவில் என்னுடைய பூப்பெட்டிகள் பதினைந்து.

எனக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒன்றே கால் ஏக்கர் மல்லிகை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பூவைப் பற்றித் தெரியும். மற்றது கொஞ்சம்தான் தெரியும்.

மகள் திண்டுக்கல்லில் டிப்ளமா படித்தாள். ஏர்போர்ட் வேலைக்கு உண்டான படிப்பு. படித்த பிறகு இரண்டு வருசம் வேலை இல்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். அப்போதுதான் மதுரையிலிருந்து கர்நாடகத்து ஹூப்ளிக்குச் சின்ன விமானம் விடப்போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. புதுக் கம்பெனி. விமானம் மொத்தமே இரண்டு. ஒரு விமானத்துக்குப் பத்தொன்பது சீட்டு. எழுதிப் போட்டாள். எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் என் கொழுந்தியாள் வீட்டில் தங்கி வேலைக்குப் போனாள்.

எடைத் தாளில் கையெழுத்து அவளுடையது என்று தெரிந்தபோது என் சம்சாரம் அழுதாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

விமானத்தில் பூ ஏற்றலாம் என்று மேனேஜரிடம் பேசியது மகள்தான். ஹூப்ளியில் பூ மண்டி வைத்திருக்கிற ஒரு தமிழ்க்காரர் எனக்குப் பழக்கம். பஸ்ஸில் போட்டால் பதினாறு மணி நேரம். மொட்டாகப் போகிற பூ மலர்ந்து பழுத்துப் போய் இறங்கும். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"அண்ணே, பெரிய கம்பெனிக்காரன் எட்டிப் பாக்காத ஊருக்கெல்லாம் நாங்க போறோம். ஆனா சீட்டு நிறையணும். பூ இல்லாம ஓட்டுனா பன்னெண்டு பேரு வேணும். உங்க பூ ஏறுச்சுன்னா ஒம்பது பேரு போதும், வண்டி தப்பிச்சிரும்."

"பூ தெனமும் வரும்" என்றேன்.

"மழைக்கு?"

"மழைக்கு வராது. மத்த நாளு வரும்."

அவர் சிரித்தார். கை கொடுத்தார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. என் பங்காளி ஒருத்தன், அடுத்த தோட்டம். வரப்பில் நின்று கத்துவான்.

"என்னப்பு, பூவெல்லாம் பறக்குதாமுல்ல? நீ எப்பப் பறக்கப் போற?"

"மொதல்ல ஒம் மோட்டாரு ஓடட்டும். அப்பறம் நாம் பறக்குறேன்" என்பேன்.

"ஏறுனீன்னா மேலருந்து எந் தோட்டத்தப் பாரு. எங்க தண்ணி பாயலைன்னு சொல்லு."

நாலு மணிக்குப் பூ எடுக்க இறங்குவோம். நான், சம்சாரம், கூலிக்கு ஆறு பெண்கள். ஆறு மணிக்குள் பெட்டி கட்டிவிட வேண்டும். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அடியில் ஐஸ் பொட்டலம், மேலே ஈரத்துணி, அதன் மேல் பூ. வேனில் ஏற்றினால் எட்டரைக்கு மதுரை. பத்து மணிக்கு விமானம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பூவை எடை போட்டு அப்படியே விடுவது இல்லை. முள் நேரானதும் மேலே ஒரு கை அள்ளிப் போடுவோம். அதற்குக் கணக்குக் கிடையாது. பூ வழியில் வாடும், ஈரம் இறங்கும், எடை குறையும். வாங்குகிறவன் தராசில் வைக்கும்போது குறையக் கூடாது. திண்டுக்கல் மார்க்கெட்டில் என் பெட்டியை யாரும் திரும்ப நிறுத்துப் பார்த்தது கிடையாது. பத்து என்று எழுதியிருந்தால் பத்து இருக்கும். அது எனக்கு ஒரு பேர்.

திண்டுக்கல்லுக்கு ஒரு கை. மதுரைக்கு ஒன்றரை. ஹூப்ளி வேறு மாநிலம். ஆகாசத்தில் போகிறது. என் மகள் வேலை பார்க்கிற விமானம். நாலு கை போட்டேன்.

பெட்டி, ஐஸ் சேர்த்துப் பத்து கிலோ என்று பெட்டி மேல் எழுதுவேன். மகள் அதைப் பார்த்து அவள் தாளில் பத்து என்று எழுதுவாள். ஒவ்வொரு பெட்டியையும் தராசில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மற்றவர்கள் சாமானை அவள் ஏற்றிப் பார்ப்பாள். என்னுடையதை ஏற்றவில்லை. அப்பா எழுதினதை எதற்கு நிறுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினெட்டு நாள் போனது. எல்லாம் சரியாக நடந்தது. ஹூப்ளிக்காரர் போன் போட்டு, "அண்ணாச்சி, பூவு இப்பப் பறிச்சது மாதிரி இருக்கு" என்றார். ஒம்பது பேர், பத்துப் பேர் என்று தினமும் ஏறினார்கள்.

பத்தொன்பதாம் நாள் முகூர்த்தம். கல்யாண வீட்டு ஆட்கள் பதினாறு பேர் ஏறினார்கள். அன்று வெயிலும் காலையிலேயே ஏறியிருந்தது. பெட்டி ஏற்றுகிறவர் என் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தார்.

"இது பத்து கிலோவாய்யா? எங்க வீட்டு மாமியாளத் தூக்குனாக்கூட இம்புட்டு வலிக்காது."

எல்லோரும் சிரித்தோம். பைலட் பக்கத்தில்தான் நின்றார். சின்னக் கம்பெனி, அவரே வந்து சாமானைப் பார்ப்பார். அவர் சிரிக்கவில்லை.

"அத அந்தத் தராசுல வைங்க" என்றார்.

வைத்தார்கள். பத்து கிலோ எண்ணூற்று ஐம்பது.

"அடுத்தது."

பத்து எண்ணூறு.

"எல்லாத்தையும் வைங்க."

பதினைந்தும் ஏறி இறங்கின. நூற்று அறுபத்து இரண்டரைக் கிலோ. மகள் தாளில் நூற்று ஐம்பது இருந்தது. கீழே அவள் கையெழுத்து இருந்தது.

மேனேஜர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பெட்டி கட்டுனது யாருங்க?" என்று பைலட் கேட்டார்.

"நாந்தான்."

"எதுக்குங்க கூடப் போட்டீங்க?"

"கொறையக் கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பெரியவரே, பன்னெண்டு கிலோ பெருசு இல்லைங்க. எனக்குச் சொல்லாம ஏறுச்சு பாருங்க, அதுதான் பெருசு. ஏறுன எடைய வெச்சுத்தான் எவ்வளவு எண்ணெய் ஊத்தறது, எவ்வளவு தூரம் ஓடி எந்திரிக்கறதுன்னு நான் பாக்கோணும். பதினெட்டு நாளா நான் தப்பான எடைய நம்பிப் பறந்திருக்கறன். பின்னால ஆளுங்க உக்காந்திருந்தாங்க."

நான் மேனேஜரிடம் சொன்னேன். "தப்பு எம் மேல. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுங்குறதுதாண்ணே அவ தப்பு" என்றார் அவர்.

என் வாழ்நாளில் குறைவாகப் போட்டேன் என்று யாரும் சொன்னது கிடையாது. கூடப் போட்டது தப்பு என்று கேட்டது அன்றுதான்.

பெட்டிகளை இறக்கிவிட்டு விமானம் கிளம்பியது. நான் அவ்வளவையும் வேனில் ஏற்றித் திரும்பினேன். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் பூ வெடித்துவிட்டது. மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவர்கள்கூட வேண்டாம் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். மூன்று நாள் வரைக்கும் வாசம் அடித்தது.

மகளிடம் கம்பெனி எழுத்தில் விளக்கம் கேட்டது. அவள் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். வேலையை எடுக்கவில்லை. எடைத் தாளில் இனி கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட் பார்க்கிற இடத்தில் நிறுத்தினார்கள். பூ ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சோறு, வெஞ்சனம் எல்லாம் அவளுக்குப் பிடித்தது. பாதியில் கையைக் கழுவினாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா, கூடப் போட்டிருக்கேன்னு."

"போடுறதுதான தாயி. அதப் போயிச் சொல்லுவாங்களா?"

"அங்க சொல்லணும்ப்பா."

அவ்வளவுதான் பேசினோம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பூ இல்லாமல் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முகூர்த்த மாதம் முடிந்தது. ஏழு பேர், எட்டுப் பேர் என்று ஏறினார்கள். ஒரு நாள் அஞ்சு பேர். பூ இருந்திருந்தால் வண்டி தப்பித்திருக்குமா என்று மகளைக் கேட்டேன். எண்ணெய் விலை இருக்கு, ரிப்பேர் இருக்கு, பூ ஒண்ணால தப்பிக்காதுப்பா என்றாள். என்னைத் தேற்றச் சொன்னாளா, உண்மையாகவே அப்படியா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆடியில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது. சேலம் பக்கம் இன்னொரு புதுக் கம்பெனி இதே மாதிரிச் சின்ன விமானம் விடப்போகிறதாம். பைலட் அங்கே போகிறார். எடை பார்க்க ஆள் வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். மகள் எழுதிப் போட்டிருந்தாள். இந்தப் பைலட் ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும். அவரிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்கச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

கடைசி நாளுக்கு முதல் நாள் போன் போட்டாள்.

"சீட்டு காலியாத்தாம்ப்பா கெடக்கு. ஹூப்ளிக்காரர நேர்ல பாக்கணும்னு சொன்னீங்கள்ல. வாரீங்களா?"

அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டியது எனக்கு இருந்தது. பூ திடீரென்று நின்றது ஏன் என்று அவருக்கு முழுசாகத் தெரியாது. வரும்போது ரயிலில் வந்துகொள்ளலாம். சரி என்றேன்.

பங்காளி வரப்பில் நின்றான். இந்தத் தடவை கத்தவில்லை. "பாத்துப் போய்ட்டு வா அப்பு" என்றான்.

வெள்ளை வேட்டி, ஒரு துணிப்பை. பையில் பூ இல்லை. சம்சாரம் ஒரு முழம் வைத்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

ஏர்போர்ட்டில் ஆள் குறைந்துபோயிருந்தது. மகளுக்குப் பதிலாக எடைத் தாள் எழுதிய பையன் முந்தின வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டானாம். மேனேஜர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பைலட்டிடம் என்னவோ கேட்டார். பைலட் என் மகளைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணே எழுதட்டும்" என்றார்.

அவள் தாளை வாங்கினாள். பேனாவை எடுத்தாள்.

அந்த விமானத்தில் சாமானோடு ஆளையும் நிறுக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒவ்வொருத்தராகத் தராசில் ஏறி இறங்கினார்கள். ஒரு அம்மா, "சேலை கட்டியிருக்கேன், ரெண்டு கிலோ கழிச்சுக்கம்மா" என்றது. "கழிக்க முடியாதும்மா" என்றாள் மகள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறங்கியது.

என் முறை வந்தது.

போன மாதம் ரெட்டியார்சத்திரம் ஆஸ்பத்திரியில் பார்த்தது நினைவு இருந்தது. "அறுவது கிலோ. எழுதிக்க தாயி" என்றேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏறி நில்லுங்கப்பா."

செருப்பைக் கழற்றப் போனேன்.

"செருப்போட. பையும் கையில இருக்கட்டும்."

ஏறி நின்றேன். எண் நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். எழுதினாள். கூட்டிப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை கூட்டினாள். கையெழுத்துப் போட்டு பைலட்டிடம் கொடுத்தாள்.

அவர் தாளை மேலிருந்து கீழே படித்தார். என் வரியில் விரலை வைத்தார்.

"உங்க அப்பாதானுங்களே?"

"ஆமா சார்."

"எடை பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"அவரு சொன்னது எவ்வளவு?"

"அறுவது, சார்."

"எழுதுனது?"

"அம்பத்தேழு கிலோ அறுநூறு."