விரல் தூக்காத கிளெனிஸ்

பெர்த் நகரத்துக்கு வெகுதூரத்தில், கோதுமை விளையும் யார்டலிங் ஊரில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தெரிந்தவனோ தெரியாதவனோ, விரல் தூக்காமல் போனால் அது வலியச் சண்டைக்கு இழுப்பது. கிளெனிஸ் புரூடன் அன்று காலை ரயில்வே கேட் அருகே டீகனின் சிவப்பு வண்டிக்கு விரல் தூக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோதுமைக் கிடங்கைப் பார்த்தபடி போனாள். மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது.

டீகன் வேறு யாருமில்லை, கிளெனிஸ் கையில் வளர்ந்த பெண்தான். கணவன் மெர்வ் இறந்தபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் குடிவந்தவள் கிளெனிஸ். சொந்தக் குழந்தை கிடையாது. அறுவடைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களும் குழந்தைகளை அவள் வீட்டில் விட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதுவே அவள் பிழைப்பாயிற்று, அதுவே அவள் வாழ்க்கையும் ஆயிற்று. இன்று ஊரில் லாரி ஓட்டுகிற பாதி இளவட்டங்கள் அவள் கையால் ரொட்டி தின்றவர்கள். டீகனும் அந்தக் கூட்டம்தான். பக்கத்துக் குழந்தையின் காதைக் கடித்து வைக்கும் கழுதை. நாலு வயதுவரை ஜட்டியை நனைத்தவள். இதையெல்லாம் கிளெனிஸ் இப்போது கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

வினை காப்பீட்டு ரூபத்தில் வந்தது. பிறர் குழந்தையைக் கூலிக்குப் பார்த்துக்கொள்பவர், அதற்கு அடிபட்டால் ஈடுகட்டக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இனிமேல் காப்பீடு தருவதில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. மற்ற கம்பெனிகள் கேட்ட தொகைக்குக் கிளெனிஸ் வீட்டையே விற்க வேண்டும். அப்போதுதான் ஊர்க் கவுன்சிலுக்கு உறைத்தது. பிள்ளையை விட இடமில்லாத ஊருக்கு எந்த நர்ஸ் வருவாள், எந்த வாத்தியார் வருவார்? டாக்டர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டைச் சும்மா கொடுப்பது, காப்பீட்டைக் கவுன்சிலே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

கவுன்சில் தலைவர் லிண்ட்சே முதலில் வந்தது கிளெனிஸ் வீட்டுக்குத்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

"டாக்டர் வீடு சும்மாதான கெடக்கு, கிளென். வாடகை கெடையாது. இன்ஷூரன்ஸ் கவுன்சில் பேர்ல போயிரும். நீ வந்து நடத்துறியா?" என்றார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், லிண்ட்சே. நான் பாத்துக்கறேன்."

எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் முதல் பதில் இதுதான். காலில் பாம்பு கடித்துத் தொங்கினாலும் 'நான் பாத்துக்கறேன்' என்பார்கள். இன்னொரு தரம் கேட்கட்டும், பாவம் இத்தனை வருஷம் உழைத்தவள் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும், பிறகு சரி என்போம் என்பது கிளெனிஸின் கணக்கு. ஆனால் இங்கே யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. கேட்டால் உன் வார்த்தையை நான் நம்பவில்லை என்று அர்த்தம். லிண்ட்சே தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். டீக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வேலை டீகனுக்குப் போயிற்று. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று கிளெனிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. ரயில்வே கேட்டில் விரல் தூக்காமல் போனது அதற்கு மறுநாள் காலைதான்.

அவளுடைய காப்பீடு முடியும் நாள் நெருங்க நெருங்க, குழந்தைகள் ஒவ்வொன்றாக டாக்டர் வீட்டுக்குப் போயின. கடைசியாகப் போனது மெய்ஸி. தானிய லாரி ஓட்டும் ஷோனாவின் மகள், மூன்று வயது. பால் வாடை மாறாத குழந்தையாக வந்து, கிளெனிஸின் தோளிலேயே தூங்கி வளர்ந்தது. மற்றவர்கள் போனதைப் பொறுத்துக்கொண்டாள். இந்த ஒன்றைப் பொறுக்கவில்லை. மெய்ஸி அவளை மறந்துவிடுவாளோ என்பதுதான் ராத்திரி பகலாக அவளை அரித்தது. தபால் ஆபீஸில் ஷோனா வேறு, "காலைல செருப்பக்கூட மாட்ட விடமாட்டேங்கறா கிளென், டீகன் டீகன்னு ஓடுறா" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். கிளெனிஸ் தபால்தலை வாங்காமலே திரும்பி வந்தாள்.

நூலகத்துக்குப் போகிற சாக்கில் ஒரு நாள் டாக்டர் வீட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். டீகன், கிளெனிஸ் வெட்டுவதுபோலவே, ரொட்டியை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். பொம்மைகளைப் பெட்டியில் போடச் சொல்லி ஒரு பாட்டுப் பாடினாள். கிளெனிஸ் கட்டிய பாட்டு! வேலையையும் எடுத்துக்கொண்டாள், பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டாள், பாட்டையுமா? மெய்ஸி அந்தப் பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டு டீகனின் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கொல்லையில் டாக்டர் மீன் வளர்த்த சிறு குளம். சுற்றிலும் கம்பிவேலி இருந்தது, ஆனால் அதன் கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. காற்றுக்குத் திறந்து திறந்து ஆடியது. பதறியிருக்க வேண்டியவளுக்குக் கண் குளிர்ந்தது. நேரே வீட்டுக்குப் போய்க் கவுன்சிலுக்குப் போன் போட்டாள்.

"ஒரு புகார். பேர் சொல்ல விரும்பல."

"சரி கிளென், பேர் போடல. சொல்லு," என்றாள் எதிர்முனையில் கவுன்சில் குமாஸ்தா கொலீன்.

புகார் வந்தால் கவுன்சில் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். பெர்த்திலிருந்து கம்பெனி ஆள் வந்தார். கதவை ஆட்டிப் பார்த்தார். கதவைச் சரிசெய்தால் மட்டும் போதாது, குளத்தைத் தூர்க்கும்வரை காப்பகம் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவடை உச்சத்தில் இருந்தது. குளத்தைத் தூர்க்க ஒரு ஆள்கூட ஊரில் ஓய்வாக இல்லை.

மறுநாள் விடியும்போதே கிளெனிஸ் வீட்டு வாசலில் வண்டிகள் நின்றன. முதல் வண்டி ஷோனாவுடையது, உரலளவு டயர்கள் கொண்ட தானிய லாரி. மெய்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கிளெனிஸின் கை தன்னால் நீண்டது. இதற்குத்தானே ஏங்கிக் கிடந்தாள்? நீண்ட கை பாதியில் நின்றது.

"எனக்கு இன்ஷூரன்ஸ் முடிஞ்சு போச்சு ஷோனா. பாக்கக் கூடாது."

"யார் கேக்கப் போறா? நானா உங்கமேல கேஸ் போடப் போறேன்?"

"நீ போடமாட்ட. போன் போடுறதுக்கு இந்த ஊர்ல ஆள் இருக்கு. எனக்குத் தெரியும்."

ஷோனா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். புரிந்தது முகத்தில் தெரிந்தது. மெய்ஸியை லாரியின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினாள். அந்த வெயிலில், அந்தத் தூசியில், இருட்டும்வரை அந்தக் குழந்தை அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கோதுமை கொட்டும்போது அது இறங்கி ஓடினால் யார் பார்ப்பார்கள்? லாரி கிளம்பியது. பின்னால் நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்த கதையாயிற்று. அறுபட்டது தன் மூக்கு மட்டுமில்லை என்பதுதான் கிளெனிஸால் தாங்க முடியாததாக இருந்தது.

மெர்வின் மண்வெட்டியை எடுத்து பின்புறம் திறந்த யூட் வண்டியில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள். அங்கே டீகன் ஒற்றை ஆளாகக் குளத்து நீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள். மீன்கள் ஒரு தொட்டிக்குள் நெளிந்தன.

"யார் போன் போட்டதுன்னு தெரியுமா?" என்றாள் கிளெனிஸ்.

"ஊருக்கே தெரியும்."

"கதவு சரியில்லடி. பிள்ளைங்க நடமாடுற எடம்."

"சரியில்லதான். வேலிக்கு மேல தலைய நீட்டிப் பாத்தீங்கல்ல? அப்பவே என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

கிளெனிஸ் மண்ணை வெட்டிப் போட்டாள். வெயில் ஏறியது. குளம் பாதி தூர்ந்ததும் டீகன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கவுன்சில் ரெண்டு பேருக்கு இன்ஷூரன்ஸ் போட்டுருக்கு. ஒரு எடம் காலியாத்தான் கெடக்கு."

"எனக்குன்னு வெச்சிருந்தியாக்கும்?"

"ரொம்பப் பெருமைப்படாதீங்க. ஆள் கெடைக்கல."

"வந்தா யாருக்குக் கீழ? உனக்கா?"

"ஆமா. எனக்குத்தான்."

கிளெனிஸ் இன்னும் நாலு வெட்டு வெட்டினாள், தேவைக்கு மேல் ஓங்கி. "எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள்.

திங்கட்கிழமை பெர்த் ஆள் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னார். மறுநாள் காலை காப்பகம் திறந்தது. கிளெனிஸ் முந்திக்கொண்டு வாசலில் நின்றாள். ஷோனாவின் லாரி வந்தது. மெய்ஸி இறங்கினாள், வெயிலில் கன்னம் கறுத்திருந்தது. கிளெனிஸ் மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்தாள். குழந்தை ஓடி வந்தது. ஓடி வந்து, விரித்த கையைத் தாண்டி, உள்ளே போய் டீகனின் காலைக் கட்டிக்கொண்டது.

கிளெனிஸுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மண்டியிட்டபடியே இருந்தாள். எரிந்தது, நன்றாக எரிந்தது.

உள்ளே டீகன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். "என் கை ஈரமா இருக்குடி தங்கம். கிளென்கிட்ட போ, அவங்க தூக்குவாங்க" என்றாள்.

மெய்ஸி திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெல்ல, அவசரமே இல்லாமல், நடந்து வந்தாள். டீகன் அனுப்பித்தான் வந்தாள் என்று கிளெனிஸுக்குத் தெரியும். தெரிந்தே அள்ளிக்கொண்டாள்.