அழித்துவிட்டதாக நான் சொன்ன பாட்டு

கடதாசியைக் கசக்கி எறிவது போன்ற அந்தச் சத்தம் எனக்கு அப்போது மிகவும் பிடிக்கும். கொம்பியூட்டரின் குப்பைக்கூடையை வெறுமையாக்கும்போது வருகிற சத்தம் அது. பதின்மூன்று வயதில், லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையில், அதைக் கேட்டவுடன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, "அழிச்சிட்டன் அப்பா" என்று பெருமையோடு சொன்னேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் பிறகும் சொன்னதில்லை. பொய்யென்று அப்போது எனக்கே தெரியாது.

அழிக்கச் சொன்னது கொம்பியூட்டரில் ஓடும் ஒரு நாட்காட்டியை. சமாதான காலத்தில் அண்ணன் நண்பனிடம் வாங்கி வந்த சீடி இறுவட்டில் இருந்தது. நல்ல நாள், இராகுகாலம் எல்லாம் காட்டும். அம்மா அதைப் பார்த்துத்தான் விரதம் பிடிப்பார். ஆனால் கொம்பியூட்டரைப் போடும்போதெல்லாம் அது தானாக எழும்பி, தோளில் துவக்கோடு நிற்கும் ஓர் இயக்கப் பெடியனின் படத்தைக் காட்டி, ஓர் "எழுச்சிப் பாட்டு" பாடும். சண்டை திரும்பவும் தொடங்கியதும், ஆமி வந்து தேடும் என்று ஊரே வீடுகளைத் துப்புரவாக்கியது. பாட்டுக் கசெற்றுகளை அம்மா குசினி அடுப்பில் எரித்தார். படங்களை அண்ணன் முருங்கைக்குக் கீழே புதைத்தான். எரிக்கவும் புதைக்கவும் பழகியிருந்த எங்களுக்கு இந்தப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. "மடியில நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கேலாது. இண்டைக்கே எடுத்துப்போடுங்கோ" என்றார், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா. அண்ணனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை நெருங்கியிருந்தது. கொம்பியூட்டர் பாடத்தில் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை நான், சும்மா இருப்பேனா?

திரையிலிருந்த சின்னப் படத்தை இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். கூடையையும் வெறுமையாக்கினேன். என் படிப்பு அவ்வளவுதான். வாசற்படலையிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டையே இடித்துவிட்டேன் என்று நம்பியதைப் போன்ற காரியம் அது. ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு. ஐந்து ஆமிக்காரர் உள்ளே வந்து, அலுமாரியை இழுத்துக் கவிழ்த்து, அரிசிச் சாக்கைக் கத்தியால் கிழித்து, சாமிப் படங்களின் கண்ணாடியைச் சப்பாத்தால் மிதித்து உடைத்தார்கள். ஒருவன் கொம்பியூட்டரின் பொத்தானை அழுத்தினான். கரண்ட் வந்திருந்தது. எனக்குப் பயமே இல்லை, நான்தான் அழித்துவிட்டேனே. திரையில் துவக்கோடு பெடியன் எழும்பினான். பாட்டுத் தொடங்கியது.

"இது யார் போட்டது?" என்று உடைந்த தமிழில் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அண்ணன் முன்னால் வந்தான்.

"நான்தான். இந்த வீட்டில வேற ஒருத்தருக்கும் இது தெரியாது."

துவக்குப் பிடி அவனுடைய இடது காதில் இறங்கியது. விழுந்தவனை எழுப்பி எழுப்பி அதே பக்கத்தில் அடித்தார்கள். பாட்டை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அது முடிந்த பிறகும் அடித்தார்கள். விசைப்பலகையின் இடுக்குகளில் இரத்தம் இறங்கியது. அவர்களின் காலைப் பிடித்த அம்மா உதைபட்டுச் சுவரோடு போய் விழுந்தார். அண்ணனையும் கொம்பியூட்டர் பெட்டியையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அப்பா அந்தத் திரையை முற்றத்துக்குத் தூக்கிப்போய்க் கோடரியால் கொத்தினார். கண்ணாடி பறந்து முழங்கை கிழிந்தும் நிறுத்தவில்லை. அதற்குள் ஒன்றுமே இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எல்லாம் என்னால் வந்தது என்பதையும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் அண்ணன் வந்தான். இடது காது செவிடாய்ப் போய்விட்டது. சோதனையும் போய்விட்டது. அடுத்த வருடமே கடல் கடந்து போனான்.

இப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கொம்பியூட்டர்களைப் பார்ப்பது என் வேலை. வேண்டாத ஒன்றை நீக்கச் சொன்னால், அது ஒளிந்திருக்கும் மூலைமுடுக்கெல்லாம் தேடி அழித்து, மூன்று தரம் நிறுத்திப் போட்டுப் பார்க்காமல் எழும்பமாட்டேன். இவளுக்குக் கிறுக்கு என்கிறார்கள். கடதாசி கசங்கும் சத்தத்தை எல்லாவற்றிலும் நிறுத்தி வைத்திருக்கிறேன். லிங்கநகர் வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் முருங்கையைத் தறித்துவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் இல்லை. போன வருடம் அண்ணன் வந்தபோது உள்துறைமுகக் கரையில் இருந்தோம். அவனுக்கு இடது பக்கமாக இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

"அண்ணா, அண்டைக்கு நான் அதைச் சரியா அழிக்கேல்லை" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பி மற்றக் காதைக் காட்டினான். "என்ன சொன்னனீ? திரும்பச் சொல்லு."

"காத்து நல்லா வருது எண்டு சொன்னனான்" என்றேன்.