உள்ளே விழாத செய்திகள்

கிண்ணியாவில் கணினி பழுதென்றால் ஜெஸீமாவைத்தான் தேடிப் போவார்கள். அவள் பழுது பார்ப்பவள் அல்ல. பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியை. ஊருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவளும் சொல்லித் திருத்துவதில்லை. அச்சுப்பொறிக்குள் சிக்கிய தாளை இழுத்துக் கொடுப்பாள், முகநூலுக்குள் போக முடியாமல் தவிப்பவர்களுக்குக் கடவுச்சொல்லை மீட்டுக் கொடுப்பாள். புருஷன் பிரிந்து போனபின் உம்மாவும் அவளும் மட்டுந்தான் வீட்டில். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவது அவளுக்கு எப்போதுமே பெரிய வேலை.

மீனவர் சங்கத்தின் இணையத்தளத்தையும் அவள்தான் பார்த்து வந்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரிலிருந்து பலர் கொட்பே துறைமுகத்தில் நிற்கும் பெரிய படகுகளில் ஆழ்கடலுக்குப் போவார்கள். இயந்திரம் நின்றுவிட்டால் நீரோட்டம் படகை அந்தமானுக்கோ பர்மாவுக்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே யாராவது கண்டாலும் எங்கே சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே காணாமற்போன படகின் படத்தையும் இலக்கத்தையும் தளத்தில் போட்டு, கண்டவர்கள் எழுதுவதற்குக் கீழே ஒரு பெட்டியும் வைத்தால் என்ன என்று சங்கச் செயலாளர் ஸெய்னுதீன் யோசித்தார். ஜெஸீமா செய்து கொடுத்தாள். மின்னஞ்சல் பார்க்கிற ஆள் சங்கத்தில் ஒருவரும் இல்லாததால், எழுதுவதெல்லாம் வழங்கியில், அதாவது தளம் குடியிருக்கும் வாடகைக் கணினியில், ஒரு கோப்புறைக்குள் விழும்படி வைத்தாள். திறந்து பார்ப்பது அவள் பொறுப்பு.

பரீட்சித்துப் பார்த்த அன்று ஏதோ கோளாறு. பெட்டியில் எழுதி அனுப்பியதும் திரையில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்தது. ஸெய்னுதீனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்ன மகள் இது? நம்மட ஊட்டு வாசலுக்கு வந்த மனுசனுக்கு முதல்ல இதையா காட்டுற? வாங்க, இரிங்க எண்டு சொல்லிப்போட்டுத்தானே சோறு இரிக்கா எண்டு பானையப் பாக்குற. முதல்ல நன்றியச் சொல்லுங்க.”

“சோறு இல்லாட்டி, மாமா?”

“அத நம்ம உள்ளுக்குப் போய் பாத்துக்குவோம். வந்தவருக்கு ஏன் அது?”

அவர் அவளுடைய வாப்பாவின் கூட்டாளி. மறுத்துப் பேச அவளுக்கு வரவில்லை. பேச்சு நியாயமாகவும் பட்டது. எவர் எதை எழுதி அனுப்பினாலும் உடனே ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் காட்டும்படி மாற்றினாள்.

இன்னொன்றையும் சங்கத்தாருக்காகவே செய்தாள். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு, ஆண் துணையில்லாத வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது அழகில்லை என்று சங்கத்து ஆண்கள் நினைத்தார்கள். ஒரு படம் ஏற்ற வேண்டுமென்றாலும் விடியும்வரை காத்திருந்தார்கள். அவர்கள் தாங்களே ஏற்றிக்கொள்ளட்டும் என்று தளத்தின் கோப்புறைகள் எல்லாவற்றையும் எவரும் எழுதக்கூடியதாகத் திறந்து விட்டாள். கொஞ்சக் காலம் எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது. பிறகு எங்கிருந்தோ யாரோ ஒருவன் அதே வழியால் புகுந்துகொண்டான்.

“மகள், பள்ளிவாசல்ல ஒரே சிரிப்பு,” என்றார் ஸெய்னுதீன். “நம்மட சைட்டத் திறந்தா சூதாட வரச்சொல்லிக் கூப்பிடுதாம். ஹாஜியார் ஒருத்தர் எவ்வளவு வெல்லலாம் எண்டு கேக்குறார்.”

ஜெஸீமாவுக்குச் சிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. சூதாட்ட விளம்பரங்களைத் தேடித் தேடி அழித்தாள். பிறகு வழிகாட்டிகள் எல்லாம் சொல்கிறபடியே பூட்டினாள்: கோப்புறைகளுக்கு ஏழு ஐந்து ஐந்து, கோப்புகளுக்கு ஆறு நான்கு நான்கு. உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் வாசிக்க மட்டும் செய்யலாம் என்பது அந்த எண்களின் பொருள். ஒரே கட்டளை, மேலிருந்து அடிவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியது. தளம் அழகாகத் திறந்தது. அவள் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.

றுவைஸின் படகு காணாமற்போனது அதற்குப் பிறகுதான்.

றுவைஸ், ஜெஸீமாவின் வீட்டுக்குப் பின்வளவில் குடியிருப்பவன். வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட அந்தப் படகில் அவனோடு திரியாய் ஊர்ப் பக்கத்துச் சஞ்சீவனும் வேறு இருவரும் போயிருந்தார்கள். இயந்திரம் நின்றுவிட்டதாக ரேடியோவில் ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு குரல் இல்லை. கடற்படை தேடியது, விமானமும் போனது. ஜெஸீமா படகின் படங்களைத் தளத்தில் போட்டாள். பின்பக்க இலக்கம் தெளிவாகத் தெரியும் படத்தை முதலாவதாக வைத்தாள். ஆங்கிலத்தில் விவரம் எழுதி, கடல்கடந்த மீனவர் குழுக்களுக்கெல்லாம் இணைப்பை அனுப்பினாள்.

றுவைஸின் மனைவி சுஹைரா ஒவ்வொரு நாளும் பாடசாலை விடும் நேரம் பார்த்து வருவாள். குசினி வாசலில் நின்றபடியே கேட்பாள்.

“ஒண்டும் வரல்லயா, ராத்தா?”

ஜெஸீமா வாயால் சொல்லமாட்டாள். கோப்புறையைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். வெறுமை.

“உங்கட பெட்டியும் என்ட வயிறும் ஒண்டுதான். ஒண்டும் உள்ளுக்குப் போகுதில்ல,” என்று ஒருநாள் சுஹைரா சிரித்தாள். ஜெஸீமாவின் உம்மா கட்டாயப்படுத்தி அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. சுஹைராவின் மாமியார் வீட்டார் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்கள். இப்படியே விடக்கூடாது, ஒரு காயிப் ஜனாஸாத் தொழுகை வைப்போம், அவன் மௌத்தாகிவிட்டான், இறந்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம் என்றார்கள். உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை அது. அதற்குப் பிறகு சுஹைரா இத்தா இருக்கவேண்டும். விதவையாக வெள்ளை உடுத்து வீட்டுக்குள் அடங்கவேண்டும். அவள் முடியாதென்று பலநாள் நின்றாள். கடைசியில் ஜெஸீமாவிடம் வந்து சொன்னாள்.

“ஒரு மனுசரும் காணல்லத்தானே, ராத்தா. உசிரோட கரையில இறங்கியிருந்தா ஆராவது கண்டிருப்பாங்க. கண்டவங்க இத்தற நாளா எழுதாம இரிப்பாங்களா?”

ஜெஸீமா இல்லையென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலோடு சுஹைரா வீட்டுக்குப் போய் மாமியிடம் சரியென்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றுவைஸுக்கான தொழுகையும் முடிந்தது. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னரே ஸெய்னுதீன் அழைத்தார்.

“மகள், நீங்க சைட்டுல போட்ட மௌத்து அறிவித்தல்ல றுவைஸ்ட படம் தெரியுதில்லயாம். கட்டார்ல இரிக்கிற பொடியன்மார் கேக்குறாங்க. என்னெண்டு ஒருக்காப் பாருங்க.”

படத்தைச் சொடுக்கிப் பார்த்தாள். திரையில் நானூற்று மூன்று என்ற பிழை எண், அணுகத் தடை. சின்னப் பழுதுதான். கைபேசியிலிருந்து வந்த கோப்பு, உரிமையாளர் மட்டும் வாசிக்கும்படி ஏறியிருக்கும். ஆனாலும் உறுதி செய்துகொள்ளலாம் என்று வழங்கியின் பிழைப் பதிவைத் திறந்தாள். தளம் எங்கெங்கே தடுக்குப்படுகிறதோ, வழங்கி தானாகவே எழுதி வைக்கும் வரிகள் அவை. சூதாட்ட விவகாரத்துக்குப் பிறகு அவள் அதைத் திறந்ததே இல்லை. தளம் நன்றாக ஓடியது, திறப்பானேன்?

படத்துக்கான வரி கடைசியில் இருந்தது. அவள் நினைத்ததேதான். கோப்பின் அனுமதி எண்ணை மாற்றினாள், றுவைஸின் முகம் வந்தது. மூடப்போன கையோடு பதிவை மேலே தள்ளினாள். வேறொரு வரி. எழுத முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது. கோப்புறையின் பெயர், செய்திகள் விழும் கோப்புறை.

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. செய்தியை வாங்கிக் கோப்புறைக்குள் வைப்பது அவளல்ல, வழங்கியில் ஓடும் மென்பொருள். அவள் பூட்டிய பூட்டில் அந்த மென்பொருளும் ‘மற்றவர்’களில் ஒன்று. வாசிக்கலாம், எழுத முடியாது. வந்த செய்தியை அது வைக்கப் போய், முடியாமல், கீழே போட்டுவிட்டு, வந்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறது.

வருகைப் பதிவையும் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். யாரோ ஒருவர் றுவைஸின் படகுப் பக்கத்துக்கு வந்திருக்கிறார். இலக்கம் தெரியும் படத்தைத் திறந்து பெரிதாக்கியிருக்கிறார். பிறகு எழுதி அனுப்பியிருக்கிறார். மறுநாள் திரும்பவும் வந்திருக்கிறார், எழுதியிருக்கிறார். சில நாட்களின் பின் இன்னொரு முறை. பதில் கிடைக்காததால் அதற்குப் பிறகு வரவேயில்லை. வந்தார் என்பதை வழங்கி எழுதி வைத்திருந்தது. என்ன எழுதினார் என்பதை அது எங்கும் வைக்கவில்லை.

திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தன்னோடு படித்த இராகுலனுக்கு அழைத்தாள். அவன் இப்போது கொழும்பில் வழங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் செய்கிறான்.

“என்ன ஜெஸீமா, ஆச்சரியமா இருக்கு. நீங்களா கோல் எடுக்கிறீங்கள்? மழை வரப்போகுது,” என்று தொடங்கியவன், அவள் சொல்லச் சொல்லப் பேச்சைக் குறைத்தான். வருகைப் பதிவில் அந்த ஆளுக்கு இருந்த இணைய முகவரி எண்ணை அவள் அனுப்ப, தேடிப் பார்த்தான்.

“இந்தியக் கைபேசிக் கம்பனி ஒண்டு. அந்தமான் பக்கமா இருக்கலாம், சென்னையாயும் இருக்கலாம். அந்த எண்ணை ஒரே நேரத்தில எத்தினையோ பேர் பாவிப்பினம். ஆள் ஆரெண்டு கம்பனி எங்களுக்குச் சொல்லாது.”

“எழுதினத எடுக்கேலாதா?”

“எழுதுப்பட்டாத்தானே எடுக்கலாம். அது கோப்பாகவே ஆகேல்ல.” கொஞ்சம் நிறுத்தினான். “விளம்பர மெஷினாயும் இருக்கலாம், ஜெஸீமா. உப்பிடிப் பெட்டியைக் கண்டா அதுகள் விடாதுகள்.”

“மெஷின் படத்தப் பெரிசாக்கிப் பாக்குமா?”

அவன் அந்த எண்ணைத் திரும்பவும் தேடத் தொடங்கினான்.

அடுத்து ஸெய்னுதீனிடம் சொன்னாள். அவருக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை. ஆனால் நன்றி சொல்லச் சொன்னது தான்தான் என்பது மட்டும் புரிந்தது. 

“சொல்லவேணாம், மகள். தொழுதாச்சு. அந்தப் புள்ள அழுது முடிச்சு இப்பதான் படுத்திரிக்கி. என்ன வந்திச்சு எண்டே தெரியாத ஒண்டச் சொல்லி என்ன செய்ய?”

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. எழுதிய மனிதர் உயிரோடு கண்டிருக்கலாம், வெறும் படகைக் கண்டிருக்கலாம், உடல் ஒதுங்கியதைக் கண்டிருக்கலாம். எதுவென்றாலும் சுஹைராவுக்கு இன்று ஒரு முடிவாவது இருக்கிறது. சொன்னால் அதுவும் இல்லாமற் போகும். ஆனால் அவள் சரியென்று சொன்னது தன் தலையாட்டலை நம்பித்தான் என்பதை ஜெஸீமாவால் விழுங்க முடியவில்லை. இத்தாவில் இருப்பவளிடம் அந்நிய ஆண்கள் போக முடியாது. போவதென்றால் ஜெஸீமாதான் போகவேண்டும்.

சுஹைரா அறைக்குள் பாயில் இருந்தாள். உடுத்திருந்த வெள்ளையில் இன்னும் கடையில் மடித்த மடிப்புப் போகவில்லை. ஜெஸீமா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். எண்களைச் சொல்லவில்லை. “நான் பூட்டினதாலதான் உள்ளுக்கு விழல்ல,” என்று சொன்னாள். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

சுஹைரா அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூணு தரம் எழுதினாரா?”

“ஓம்.”

“மௌத்தச் சொல்ல ஆராவது மூணு தரம் வருவாங்களா, ராத்தா?”

ஜெஸீமா பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருவார்கள் என்றும் சொல்லலாம், வரமாட்டார்கள் என்றும் சொல்லலாம்.

“இப்ப நான் என்ன? இத்தாவா, இல்லையா?” சுஹைரா தன் உடுப்பைப் பார்த்தாள். “இதக் கழட்டவா, இரிக்க விடவா?”

 மௌலவியிடம் கேட்கலாம் என்று ஜெஸீமா மெதுவாகச் சொன்னாள். கேட்டால் ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் வேறொன்று சொல்வார் என்பது இருவருக்கும் தெரியும். வெளியே மாமி யாரிடமோ தேநீர்க் கோப்பைகளை எண்ணி வாங்கும் சத்தம் கேட்டது.

“அந்த மனுசர திருப்பி எழுதச் சொல்லுங்க,” என்றாள் சுஹைரா கடைசியில்.

அன்றே ஜெஸீமா அந்த ஒரு கோப்புறையின் உரிமையை மென்பொருளுக்கு மாற்றினாள். படகுப் பக்கத்தின் மேலே ஆங்கிலத்திலும் தமிழிலும், ஹிந்தி தெரிந்த ஒருவரைப் பிடித்து அந்த மொழியிலும் எழுதினாள்: முன்பு எங்களுக்கு எழுதியவரே, உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைக்கவில்லை, தவறு எங்களுடையது, தயவுசெய்து இன்னொரு முறை எழுதுங்கள். அதே குழுக்களுக்கு மீண்டும் அனுப்பினாள். பழைய இணைப்பு என்று பலர் திறந்தும் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் கோப்புறையில் ஒரு செய்தி விழுகிறது. பாடசாலை விடும் நேரத்துக்கு வரும். வெளியே வர முடியாத சுஹைரா தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதுவது அது. “ராத்தா, திறந்தா இரிக்கி?” என்று இருக்கும். ஜெஸீமா உடனே அவளது கைபேசிக்குப் பதில் போடுவாள். “ஓம், திறந்துதான் இரிக்கி.” பிறகு கோப்புறையை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். எல்லாம் சுஹைரா எழுதியவையே.