முகத்துவாரத்துக்குப் போன பல்கனிச் செடிகள்

பூங்காக்களுக்கு நில அமைப்பு வரைவது என் தொழில். முகத்துவாரத்தில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில் பழைய துறைமுகச் சுவரொன்று பாதி இடிந்து நிற்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் நினைவாக அந்த இடத்தைப் பூங்காவாக்கும் வேலை எனக்கு வந்தது. சுவரை அப்படியே விட்டேன். அதில் பெயர்கள் பொறித்த கல், அடியில் உட்காரக் கற்பலகை, கடலை மறைக்காத உயரத்தில் செவ்வரத்தைப் பூச்செடிகள். வரைபடத்தைப் பார்த்து நானே மயங்கிப் போயிருந்தேன்.

திறப்பு விழா அன்று காலை போய்ப் பார்த்தால், செவ்வரத்தை நின்ற இடமெல்லாம் வெறும் குச்சி. நடுவில் ஐந்தாறு ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றைத் தேடி ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தார். பக்கத்துச் சந்தியில் மீன் விற்பவராம். நான் வாயைத் திறக்குமுன் அவர் பெயர்க்கல்லைக் காட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் பேரும் இதுல இருக்கு மிஸ். அவரு வாங்கிவிட்ட ஆடுங்கதான் இதெல்லாம்."

அதற்குப் பிறகு யாரை ஏசுவது?

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் அன்ரியின் பல்கனி ஒரு காடு. போன் எடுத்து விஷயத்தைச் சொல்லிச் செடிகளை இரவல் கேட்டேன். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றார். குரோட்டன் செடியை மட்டும் தர மாட்டேன் என்றார். மத்தியானம் பூச்சட்டிகளை ஏற்றிய வான் வந்து நின்றபோது, முன் சீட்டில் குரோட்டனை மடியில் வைத்தபடி அன்ரியே இருந்தார்.

எல்லாருமாகக் குழி தோண்டிச் சட்டிகளைக் கழுத்துவரை புதைத்தோம். ரோசா, கற்றாழை, கறிவேப்பிலை, காய்த்து நின்ற தக்காளி, எல்லாம் கலந்து கிடந்தன. மாலையில் பிரதம விருந்தினர் சுற்றிப் பார்த்துவிட்டு, மீனவர் நினைவிடத்தில் மீன் குழம்புக்கான செடிகளை நட்ட வடிவமைப்பாளரின் ஆழ்ந்த சிந்தனையை மேடையில் பாராட்டினார். சனம் கை தட்டியது. நான் எழுந்து ஆழ்ந்து சிந்தித்தவள் மாதிரிக் கும்பிட்டேன்.

விழா முடிந்து சட்டிகளைக் கிளப்பப் போனால், அன்ரியும் ஆட்டுக்காரப் பெண்ணும் கற்பலகையில் அமர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி பெயர்க்கல்லை ஒருமுறை பார்த்தார்.

"கிடக்கட்டும் பிள்ளை. சனிக்கிழமையில நான் வந்து தண்ணி ஊத்துறன்."

சொன்னபடியே செய்கிறார். ஆடுகள் இப்போது கயிற்றில். பஸ் பிடித்துப் போகும் அன்ரி, வரும்போது நல்ல பாரை மீனோடு வருகிறார்; எனக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது.

போன சனிக்கிழமை நானும் போனேன். அவர்களோடு இன்னும் நாலு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். யாரும் கடலைப் பார்க்கவில்லை. பலகையில் இடமில்லாமல் நான் நின்றுகொண்டே அவர்கள் கதையைக் கேட்டேன்.